வேகம் தெரியும், முடுக்கம் தெரியுமா?



உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்து, "வேகம் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையானால், "கடந்த தொலைவைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது" என்று உடனே விடை வரும். "திசைவேகம்?" என்றால், "இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது" என்பான். "முடுக்கம்?" என்றால், "திசைவேகம் மாறும் வீதம்" என்பான். மூன்றும் சரியான விடைகள். மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. அடுத்ததாக, "இன்று காலை நீ பள்ளிக்கூடத்துக்கு என்ன வேகத்தில் நடந்து போனாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். ஆண்டு முழுவதும் மனப்பாடம் செய்த சூத்திரம், தன் சொந்தக் கால்களுக்கும் பொருந்தும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் புதுச்சேரி நகரில் மதரஸா ஒன்றில் கற்பிப்பவன். கல்லூரியில் படித்தது வரலாறு, இயற்பியல் அன்று. மாலையில் ஓத வரும் பிள்ளைகள் ஓதி முடித்தபின் பள்ளிப் பாடத்தில் ஐயம் கேட்பது வழக்கம். தமிழும் வரலாறும் கேட்டால் எனக்கு எளிது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இயற்பியல் புத்தகத்தை நீட்டி, "ஹஜ்ரத், வேகத்தைக் கண்ணால் பார்க்கிறோம். முடுக்கத்தை எங்கே பார்ப்பது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டி விடை தேடுவதைவிட, தெருவில் இறங்கித் தேடுவதே முறை என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தேடலில் நாங்கள் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கடற்கரைச் சாலையில் முதல் பாடம்

எங்கள் ஊருக்கு ஒரு பாக்கியம் உண்டு. மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு இடமில்லாத கடற்கரைச் சாலை ஒன்று இருக்கிறது. வடக்குத் தெற்காக நேராகக் கிடக்கும் அந்தச் சாலை, வேகத்தைப் படிப்பதற்கென்றே போட்டது போல் இருக்கும். முல்லா வீதிப் பக்கமிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு ஞாயிறு அதிகாலை, ஃபஜ்ரு தொழுகைக்குப்பின் பன்னிரண்டு பிள்ளைகளோடு அங்கே சென்றோம். கையில் இருந்தவை மூன்றே பொருள்கள்: பத்து மீட்டர் கயிறு, சாக்பீஸ், வினாடி காட்டும் கைப்பேசி.

கயிற்றால் ஐந்து முறை அளந்து ஐம்பது மீட்டருக்கு இரு முனைகளிலும் கோடு போட்டோம். ஒரு பையன் தன் இயல்பான நடையில் நடந்தான். 38 வினாடிகள் ஆயின. ஐம்பதை முப்பத்தெட்டால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர். இதை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாற்ற வேண்டுமானால் 3.6ஆல் பெருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஏன் 3.6 என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மணிக்கு 3,600 வினாடிகள். ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.6. அவ்வளவுதான்! மந்திரம் போல் இருந்த எண் அன்று கணக்காகிவிட்டது. பையனின் வேகம் மணிக்கு 4.7 கிலோமீட்டர். பிறகு ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தைத் தாமே அளந்து எழுதிக்கொண்டனர். மூச்சிரைக்க ஓடிவந்து கணக்குப் போட்ட அந்தப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு அன்று கசக்கவில்லை.

அடுத்தது திசைவேகம். காந்தி சிலையருகே இருவரை நிறுத்தினேன். ஒருவன் வடக்கே தலைமைச் செயலகத்தை நோக்கியும், மற்றவன் தெற்கே டூப்ளே சிலையை நோக்கியும் ஒரே நடையில் ஒரு நிமிடம் நடக்க வேண்டும். நிமிடம் முடிந்தபோது இருவரும் தனித்தனியே ஏறத்தாழ 78 மீட்டர் நடந்திருந்தார்கள். வேகம் ஒன்றே. ஆனால் இருவருக்குமிடையே 156 மீட்டர் இடைவெளி! திசை வேறானால் சேருமிடமும் வேறு. எனவேதான் வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்ல ஒரு தனிச் சொல் தேவைப்பட்டது. கிப்லாவை அறிந்து தொழக் கற்ற பிள்ளைகளுக்குத் திசையின் அருமையை விளக்க நெடுநேரம் பிடிக்கவில்லை.

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர்கள் அறிந்த ஒன்றைக் கொண்டே கூறினேன். ஹஜ்ருல் அஸ்வத் இருக்கும் மூலையில் தவாஃபைத் தொடங்குகிறோம். ஏழு சுற்று முடித்து அதே மூலையில் நிற்கிறோம். நடந்த தொலைவு அதிகம், இடப்பெயர்ச்சியோ பூஜ்யம். ஸஃபாவில் தொடங்கும் ஸஃயி ஏழாவது நடையில் மர்வாவில் முடிகிறது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் இடப்பெயர்ச்சி அதில் ஏழில் ஒரு பங்கே. இதைச் சொல்லி முடிக்குமுன் சிறுவன் ஒருவன் குறுக்கிட்டான். "ஹஜ்ரத், அங்கே பச்சை விளக்குகளுக்கு இடையில் ஆண்கள் ஓடுவார்கள் என்று எங்கள் தாத்தா சொன்னார். நடந்து வருபவர் ஓடத் தொடங்குகிறாரே, அதுதான் முடுக்கமா?" என்றான். அதுவேதான். ஓட்டத்தை மீண்டும் நடையாக்கும்போது நிகழ்வது எதிர்முடுக்கம். நான் சொல்ல நினைத்ததை அந்தப் பிள்ளை எனக்கு முன்னரே சொல்லிவிட்டான்.

கோலிக்குண்டு ஓதிய தாளம்

முடுக்கம் உண்டு என்று அறிந்தால் போதுமா? அதை அளக்க வேண்டாமா? இங்கேதான் இத்தாலியின் கலீலியோ நமக்கு வழிகாட்டுகிறார். உயரத்திலிருந்து விழும் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையைத் தொட்டுவிடும். அக்காலக் கடிகாரங்களைக் கொண்டு அதை அளக்க இயலாது. எனவே அவர் பள்ளம் செதுக்கிய நீண்ட பலகையைச் சற்றே சாய்த்து, அதில் வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். சாய்தளத்தில் விழுகை மெதுவாகிறது, அளக்க வசதியாகிறது. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து, அதன் எடையைக் கொண்டு காலத்தைக் கணித்தார். 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதை அவர் விளக்கியிருக்கிறார்.

எங்களுக்கு வெண்கலக் குண்டும் இல்லை, செதுக்கிய பலகையும் இல்லை. மின்கம்பி இழுக்கப் பயன்படும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றின் மூடியைக் கழற்றினால் அதுவே நல்ல பள்ளம். அதை வளையாமல் நீண்ட பெஞ்சில் ஒட்டி, பெஞ்சின் ஒரு முனையை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கினோம். கோலிக்குண்டு உருண்டு கடக்கும்போது 'டிக்' என்று ஓசை எழுமாறு பட்டையின் குறுக்கே மெல்லிய நூல்களைக் கட்டினோம்.

முதலில் நூல்களைச் சம இடைவெளியில், நாற்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டினோம். குண்டை விட்டபோது எழுந்த ஓசை, தொடக்கத்தில் நிதானமாகவும் போகப் போக நெருக்கமாகவும் கேட்டது. குண்டு விரைவு கொள்கிறது என்பது காதுக்கே தெரிந்தது. பிறகு பிள்ளைகளிடம், "ஓசை ஒரே சீராகக் கேட்க வேண்டும். நூல்களை நகர்த்துங்கள்" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஹிப்ழு செய்யும் மாணவன் ஒருவன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் மிகவும் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கியவன். தனக்கு அறிவியல் வராது என்று அவனே முடிவு கட்டியிருந்தான். ஆனால் தஜ்வீதில் நீட்டி ஓத வேண்டிய இடங்களில் இரண்டு, நான்கு, ஆறு என்று அளவு பிசகாமல் ஓதிப் பழகிய காது அவனுடையது. மற்றவர்கள் "சரியாகிவிட்டது" என்ற பிறகும் அவன் ஒப்பவில்லை. "மூன்றாவது சற்று முந்துகிறது, ஹஜ்ரத்" என்பான். நூலை விரலளவு நகர்த்துவான். மீண்டும் குண்டை விடுவான். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரையில் இது நடந்தது. மறுநாளும் தொடர்ந்தது. இறுதியில் தொடக்கத்திலிருந்து நூல்கள் நின்ற இடங்களை அளந்தோம். 10, 40, 90, 160 சென்டிமீட்டருக்கு மிக அருகில் அவை இருந்தன!

அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். இடைவெளிகளைக் கழித்துப் பார்த்தால் 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்கள். சம காலங்களில் குண்டு கடக்கும் தொலைவு இவ்வரிசையில் வளர்கிறது. மொத்தத் தொலைவோ 1, 4, 9, 16 என்று காலத்தின் வர்க்கமாக வளர்கிறது. கலீலியோ கண்ட விதி இதுவே. ஒரு தாளத்துக்கும் மறு தாளத்துக்கும் இடையே அரை வினாடிக்குச் சற்றே கூடுதலான நேரம். அதைக் கொண்டு கணக்கிட்டால் குண்டின் முடுக்கம் ஏறத்தாழ 0.6 என்று வந்தது. அதாவது ஒவ்வொரு வினாடியிலும் அதன் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடுகிறது.

கலீலியோவின் தந்தை இசைக் கலைஞர். கலீலியோவும் தாளத்தைக் கொண்டே தம் சோதனையில் காலத்தை அளந்திருக்கக்கூடும் என்று வரலாற்றறிஞர் ஸ்டில்மன் டிரேக் கருதினார். இதை அந்த மாணவனிடம் கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. 1, 4, 9, 16 என்பதைத் தன் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே தானாகவே 25, 36 என்று தொடர்ந்தான். கணக்கு வராத பிள்ளை என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் கணக்கு வரவில்லை. எத்தனை பேருக்கு அது காது வழியாகவோ கை வழியாகவோ வர வேண்டியிருந்தது? பெற்றோர்களே, எண்ணிப் பாருங்கள்.

முன்னோரும் நாமும்

"நம்மவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபுல் பரக்காத் அல்-பக்தாதி தமது 'கிதாபுல் முஃதபர்' என்னும் நூலில், விழும் பொருள் ஏன் விரைவு கொள்கிறது என்று ஆராய்ந்தார். கீழ்நோக்கிய உந்தல் கணந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே காரணம் என்று அவர் விளக்கினார். கலீலியோவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட சிந்தனை இது. ஆயினும் மார்தட்டிக்கொள்வதற்காக இதைக் கூறவில்லை. சிந்தித்தவர் ஒருவர், அளந்து எண்ணில் எழுதியவர் வேறொருவர். இரண்டும் சேர்ந்தே அறிவு வளர்ந்தது. முன்னோர் பெயரை மட்டும் சொல்லிக் கொண்டு பட்டையில் நூல் கட்டாமல் உட்கார்ந்திருந்தால் நமக்கு அதில் பங்கில்லை.

எங்கள் புதுச்சேரிக்கும் இதில் ஒரு கதை உண்டு. பிறையை எதிர்பார்த்து மாடியில் நிற்கும் நமக்கு நிலவு ஒரே சீராக ஓடுவதுபோல் தோன்றும். உண்மை அப்படியன்று. விண்மீன்களுக்கிடையே அது ஒருநாளில் ஏறத்தாழ 12 பாகை நகரும். வேறொரு நாளில் 15 பாகை வரை நகரும். பூமிக்கு அருகில் வரும்போது விரைவு, விலகும்போது நிதானம். இந்த ஏற்றத்தாழ்வைத் தமிழகத்துப் பஞ்சாங்கக் கணிதர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 248 நாள்களுக்கு நிலவின் இருப்பிடத்தைச் சொற்களாகக் கோத்து மனனம் செய்யும் வாக்கிய முறை அவர்களிடம் இருந்தது. 1825ஆம் ஆண்டு, புதுச்சேரியில் அத்தகைய கணிதர் ஒருவர் ஏட்டையோ எழுதுகோலையோ தொடாமல், மனப்பாடத்திலிருந்த வாய்பாடுகளைக் கொண்டும் தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்னும் அதிகாரி பதிவு செய்திருக்கிறார். மனப்பாடம் இழிவானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மனப்பாடம் செய்ததைக் கொண்டு ஒரு சோழியையாவது நகர்த்தத் தெரிய வேண்டும். அதுவே வேறுபாடு.

உடல் அறியாத ஆபத்து

இவ்வளவும் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு தந்தையும் அவ்வாறே எண்ணினார். "ஓத அனுப்பினால் கோலி உருட்டக் கற்றுக் கொடுக்கிறீர்களாமே, ஹஜ்ரத்?" என்று மரியாதையோடுதான் கேட்டார். "அடுத்த ஞாயிறு நீங்களும் கடற்கரைக்கு வாருங்கள், அத்தா" என்று அழைத்தேன்.

அதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். பேருந்தில் போகும்போது நூலில் சாவி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கவனிக்க வேண்டும். வண்டி புறப்படும்போது சாவி பின்னே சாய்ந்தது. பிரேக் போட்டபோது முன்னே சாய்ந்தது. திருப்பத்தில் பக்கவாட்டில் விலகியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி சீராக விரைந்தபோதோ, நின்ற வண்டியில் தொங்குவதுபோல் நேராகத் தொங்கியது. நம் உடலும் அந்தச் சாவியைப் போன்றதே. அது முடுக்கத்தை உணரும். சீரான வேகத்தை உணராது. கண்ணுக்குக் காட்சி ஓடும், காதுக்குக் காற்று இரையும். அவையும் சற்று நேரத்தில் பழகிவிடும். எண்பதில் போகும் இளைஞன் "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்வது பொய்யன்று. உண்மையாகவே அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆபத்தே அதுதான்.

எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் பதினேழு வயது மகனை இருசக்கர வாகன விபத்தில் இழந்தது. அந்த ஜனாஸாவில் நின்ற பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை பாடத்தை நான் விளையாட்டாக நடத்தவில்லை.

முதலில் சைக்கிள். சாக்பீஸ் கோட்டுக்கு முன் பத்து மீட்டரை நான்கரை வினாடியில் கடந்து வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் போட வேண்டும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். சைக்கிள் கோட்டைத் தாண்டி ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் நின்றது. அடுத்து, அதே பத்து மீட்டரை இரண்டேகால் வினாடியில் கடந்து வர வேண்டும். வேகம் இருமடங்கு, 16 கிலோமீட்டர். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டேன். "இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டர்" என்றார்கள். அந்தத் தந்தையும் இரண்டரை என்றார். சைக்கிள் நின்றது நாலரை மீட்டருக்கு அப்பால்! வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகிறது. கோலிக்குண்டு சொன்ன அதே வர்க்கக் கணக்கு இங்கே திரும்பி நின்று கேட்கிறது.

பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கணக்கிட்டோம். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக், வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தும் வரை ஒரு வினாடி கழியும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர் போகும்; பிரேக்கில் 7 மீட்டர்; மொத்தம் 15 மீட்டர். மணிக்கு 60 என்றால், முதலில் 17 மீட்டர். பிரேக்கில் 28 மீட்டர். பின்னங்களைச் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 44 மீட்டருக்கு மேல். 80 என்றால் மொத்தம் 70 மீட்டரைத் தாண்டும். மழையில் நனைந்த சாலையானால் பிரேக் தொலைவு இன்னும் கூடும்.

இந்த மூன்று தொலைவுகளையும் சாலையில் கோடிட்டுக் காட்டினோம். அந்தத் தந்தை முதல் கோட்டிலிருந்து 44 மீட்டர் கோடு வரை நடந்தார். நின்று திரும்பிப் பார்த்தார். முதல் கோட்டில் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். "இவ்வளவு தூரத்தில் பார்த்தால்தான் நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். "அறுபதில் வந்தால், ஆம்" என்றேன். வீட்டில் மூத்த மகனிடம் வண்டிச் சாவி இருப்பதாகவும், அவனுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஒன்பது மாதங்கள் இருப்பதாகவும் அவர் தாமாகவே கூறினார். மறுவாரம் அந்த மகனும் கடற்கரைக்கு வந்திருந்தான், சைக்கிளில் வந்திருந்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி நிறுத்தப்படும் வண்டி, காவலர் இல்லாத சாலையில் மீண்டும் விரையும். கணக்கை உணர்ந்து நிறுத்தப்படும் வண்டியே எங்கும் நிற்கும்.

வாசகர்களே! இச்சோதனைகளுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பட்டப்படிப்பும் வேண்டாம். வரலாறு படித்த எனக்கே இது கைகூடியதென்றால் உங்களுக்கும் கைகூடும். ஒரு கயிறு, ஒரு கோலிக்குண்டு, சில சாக்பீஸ்கள் போதும். வாகனம் வராத ஓர் இடத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தவறாகவே சொல்லட்டும், பிறகு அளக்கட்டும். தாய்மார்களும் உடன் செல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டதே ஒரு மாணவியின் கேள்விதான்.

வண்டிச் சாவியைப் பிள்ளை கேட்கும் நாள் எல்லா வீட்டிலும் ஒருநாள் வரும். அந்த நாள் வருமுன், அந்த 44 மீட்டரை அவனோடு ஒருமுறை நடந்துவிடுங்கள்.